சொக்கி நிற்கும் கோழிக்குச் சூடு எதற்கு?

நேற்றுவரை குப்பையைக் கிளறிய கோழி, இன்று காலை இறகுகளை உப்பிக்கொண்டு, கண்மூடிச் சுவரோரம் சொக்கி நிற்கிறது. கோழி வளர்க்கும் வீடுகளில் நீங்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். இறகை ஏன் உப்புகிறது?

கோழியின் உடல் வெப்பநிலை சுமார் 41° செ.; நம்முடையது 37° செ. இரவுக் காற்று 24° செ. என்றால், கோழிக்கும் காற்றுக்கும் வேறுபாடு 17 டிகிரி. ஒரு பொருள் வெப்பத்தை இழக்கும் வேகம் ஏறத்தாழ இவ்வேறுபாட்டிற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது நியூட்டனின் குளிர்தல் விதி. மேலும், சிறிய உடலுக்கு எடையோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு மிகுதி. இழந்த வெப்பத்தைத் தீனியால்தான் ஈடுசெய்ய வேண்டும். நோயுற்ற கோழியோ தீனியைத் தொடுவதில்லை. ஆகவே, இறகுகளுக்கிடையே காற்றைத் தேக்கி வைக்கிறது. காற்று ஓர் அரிதிற்கடத்தி அல்லவா?

நாமும் அதற்குத் துணை செய்யலாம். மற்றக் கோழிகளிடமிருந்து பிரித்து, காற்று வீசாத மூலையில் பஞ்சாரத்துள் விடுங்கள். ஒரு பக்கமாக 40 வாட் இழை பல்பு ஒன்றை, வைக்கோலில் படாமல் தொங்கவிடுங்கள். (எல்.ஈ.டி. விளக்கு இதற்கு உதவாது. அது வெளிச்சத்திற்கு நல்லது, வெப்பத்திற்கு அன்று.) உள்ளே 34° செ. ஆனால் வேறுபாடு 7 டிகிரிதான். வெப்ப இழப்பு பாதிக்கும் கீழே குறைந்துவிடும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயைத் திறந்து இரைத்தால் சூடு மிகுந்துவிட்டது என்று பொருள். பல்பைத் தள்ளி வையுங்கள். கழிச்சலில் நனைந்த இறகைத் துடைத்து உலர்த்துங்கள். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். அது கோழியின் உடலிலிருந்தே போகும். தண்ணீரை அலகோரம் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

இவ்வளவும் செய்தும் எங்கள் கோழி கழுத்து திருகி, மூன்றாம் நாள் இறந்தது. கால்நடை மருத்துவர் வெள்ளைக் கழிச்சல் என்றார். ராணிக்கெட் நோய் என்பதும் இதுவே. 1926-இல் இங்கிலாந்தில் நியூகாசில் பகுதியில் காணப்பட்டதால் வெளிநாடுகளில் நியூகாசில் நோய் என்பர்.

“முதல் நாளே பல்பு போட்டிருந்தா பிழைச்சிருக்குமாப்பா?” என்று ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கேட்டாள். பிழைத்திருக்காது என்றேன். ஆறுதலுக்காகச் சொன்னதன்று. இது வைரஸ் நோய். தீர்க்கும் மருந்து இல்லை. சூடு கோழியின் வலுவைக் காக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது. நோயைக் காட்டிக்கொண்டால் பருந்துக்கு இரையாக நேரும் என்பதால், கோழி முடிந்தவரை மறைக்கிறது. நம் கண்ணில் படும்போது நோய் முற்றியிருக்கும்.

அவள் கேட்காத கேள்வி வேறு. தடுப்பு மருந்து கொடுத்தோமா? இல்லை. ஐந்து கோழிக்கு நூறு கோழிக்கான குப்பி எதற்கு என்றிருந்துவிட்டேன். தெருவில் நாலு வீடு சேர்ந்து வாங்கியிருக்கலாம். குஞ்சுக்கு 7-ஆம் நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, 8-ஆம் வாரத்தில் ஊசி. மருந்து வீரியம் குறைக்கப்பட்ட உயிர் வைரஸ். பனிக்கட்டியோடு பிளாஸ்கில் கொண்டுவராவிட்டால் வழியிலேயே வெப்பத்தில் கெட்டுவிடும்.

ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். குளத்திலோ குப்பையிலோ எறிந்தால் நாய் இழுத்துப்போய் அடுத்த தெருவுக்கும் நோயைப் பரப்பும். (பல கோழிகள் திடீரென ஒன்றாக இறந்தால் தொடாதீர்கள், அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். உடனே அரசு கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.) மண்ணை மூடியதும் மகள் ஒரு பிடி கம்பைக் கொண்டுவந்து மேலே தூவினாள். நான் தடுக்கவில்லை. பஞ்சாரத்தைக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன். இரண்டு நாள் அவள் அந்தப் பக்கமே போகவில்லை.