தந்திச் சாவியை மீண்டும் தேடும் விரல்கள்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் என்ன செய்ய வேண்டும்? திண்ணையில் உட்கார வேண்டும், பேரனைப் பள்ளிக்கு அழைத்துப் போக வேண்டும், வேளை தவறாமல் மாத்திரை விழுங்க வேண்டும். இதுதானே நாம் அவருக்கு எழுதி வைத்திருக்கும் அட்டவணை! இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் முப்பது நாற்பது ஆண்டுகள் இயந்திரத்தோடு பேசிப் பழகிய கைகளுக்கு, அறுபது வயதானதும் இந்தத் தண்டனையா என்று கேட்கிறோம்.

இளமையில் விட்ட அமெச்சூர் வானொலியை முதுமையில் மீண்டும் எடுப்போர் உலகெங்கும் உண்டு. ஹாம் என்று செல்லமாக அழைக்கப்படும் இது, பாட்டுக் கேட்கும் வானொலி அல்ல. தானே பேசித் தானே கேட்டு, முகம் தெரியாத மனிதனோடு அலைவழியே கைகுலுக்கும் வானொலி. படிக்கிற வயதில் பற்றிக்கொள்ளும். பிறகு கல்யாணம், ஷிப்டு, வாடகை வீடு, பிள்ளைகளின் படிப்பு. பெட்டி பரணுக்குப் போகும்; ஆசை மட்டும் போகாது.

இந்த ஆசை நம் ஊருக்குப் புதிதுமல்ல. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் 1924 மே மாதம் சென்னை மாகாண வானொலிச் சங்கம் பிறந்தது. ஜூலை 31-ல் ஒலிபரப்பும் தொடங்கிற்று. சர்க்கார் வானொலி சென்னைக்கு வந்ததோ 1938-ல்தான்! பதினான்கு ஆண்டு முந்திக்கொண்டவர்கள் பொழுதுபோக்குக்காரர்கள். பணமில்லாமல் 1927-ல் சங்கம் முடங்கியது. அப்போது என்ன நடந்தது? கருவியைச் சென்னை மாநகராட்சி பெற்றுக்கொண்டது; 1930 ஏப்ரல் முதல் தானே ஒலிபரப்பியது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேலை இருக்கிறது.

துறைமுகத்து ஊரில் இந்தப் பொழுதுபோக்குக்குத் தனி உரிமை உண்டென்போம். கப்பலிலே வானொலி அதிகாரி என்றொருவர் இருந்தார். மணிக்கு இருமுறை, மூன்று நிமிடம், உலகத்துக் கப்பல்களெல்லாம் 500 கிலோ ஹெர்ட்ஸில் வாய்மூடி, ஆபத்துக் குரல் வருகிறதா என்று காது கொடுத்த காலம் அது. 1999 பிப்ரவரி முதல் நாளோடு செயற்கைக்கோள் ஏற்பாடு முழுமையாக வந்தது. அந்த வேலை மறைந்தது. 2013 ஜூலையில் நம் தந்தி சேவையும் மூடப்பட்டது. புள்ளியும் கோடும் இனி எதற்கு என்றார்கள். விரல் அறிந்த வித்தையை ஆணை போட்டு அழிக்க முடியுமா? பிழைப்பாய் இருந்தது போயிற்று; இன்று அது வாழ்வது பெரும்பாலும் ஹாம்களின் மேசையிலேதான்.

“பணக்காரர் விளையாட்டு இது” என்பர் சிலர். முழுப் பொய்யில்லை, அயல்நாட்டுப் பெட்டிகளின் விலை அப்படி. ஆனால் ஐதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் 2003-ல் வெளியிட்ட ‘பிட்எக்ஸ்’ வடிவமைப்பைப் பாருங்கள். சாதாரண டிரான்சிஸ்டர்கள், கம்பிச்சுருள் சுற்றுவதற்கோ தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷர்! பின்னர் வந்த பெட்டிகளை ஐதராபாத்தில் பெண்கள் குழுவொன்று கையாலே செய்து தந்தது. ரிச்சி தெருவில் ஒரு நடை நடந்தால் பாதிச் சாமான் கைக்கு வரும். மீதிக்குப் பொறுமை வேண்டும். ஓய்வு பெற்றவரிடம் அது உண்டு.

திரும்பி வருகிறவருக்குச் சங்கடங்களும் உண்டு. 7 மெகா ஹெர்ட்ஸுக்கு 66 அடிக் கம்பி கட்ட வேண்டும். இராயபுரத்துச் சந்து வீட்டு மாடியில் எங்கே கட்டுவது? தலைகீழ் ‘வி’ போல நடுவில் ஒரு கம்பம் நட்டு இருபுறமும் சரிக்கலாம். எண்ணூர் உப்புக்காற்று செம்பு இணைப்பைத் தின்றுவிடும். மெழுகோ பசையோ பூச வேண்டும். பட்டறை மோட்டாரின் இரைச்சல் வேறு. இரவு ஏறினால் பட்டறை அடங்கும், அலையும் நெடுந்தூரம் பாயும். தேர்வுக்கு அஞ்ச வேண்டாம். முன்பு மோர்ஸில் நிமிடத்துக்கு 12 சொல் கேட்டார்கள். பின்னர் 8 ஆகக் குறைத்தார்கள். மோர்ஸே கேட்காத தரமும் வந்தது. வயதுக்குக் கீழ்வரம்பு உண்டே தவிர மேல்வரம்பு கிடையாது.

வெறும் பொழுதுபோக்குத்தானே என்று இகழ வேண்டாம். 2004 டிசம்பர் 26-ல் கடல் பொங்கியபோது, ஹாம் பயணமாக அந்தமானுக்குப் போயிருந்த பாரதி பிரசாத், போர்ட் பிளேரிலிருந்து செய்தி அனுப்பினார். தொலைபேசி செத்துக் கிடந்த வேளையில், தீவில் இருப்போர் நலத்தைத் தாயகத்து உறவினர் அறிய அந்த அலை வழி செய்தது. அதே அலை அன்று காசிமேட்டையும் தாக்கியது. ஒவ்வொரு மழைக்காலமும் புயலை எதிர்பார்த்துக் கிடக்கும் கரை இது. கோபுரம் சாய்ந்தால் கைப்பேசி ஊமை. கார் பேட்டரியும் கம்பித்துண்டும் உள்ள கிழவர் ஊமையல்லர்!

அடுத்த ஆண்டே, 2005 மே 5-ல், பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்களுக்கென்றே ஹாம்சாட் என்ற சிறு செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2014 வரை உழைத்தது.

ஆக, நாம் கேட்பது பெரிதல்ல. 1930-ல் நொடித்த சங்கத்தின் கருவியை ஏற்று நடத்திய அதே மாநகராட்சி, வடசென்னை நூலகம் ஒன்றின் மாடியில் ஓர் அறையும், கம்பி கட்ட 66 அடி இடமும், வாரம் இருநாள் மின்சாரமும் தரட்டும். உரிமம் பெற்ற மூத்தவர்கள் அங்கே உட்காரட்டும். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே சொல்லிக்கொடுக்கட்டும். இராயபுரத்து, திருவொற்றியூர்க் கவுன்சிலர்கள் இதை அடுத்த மன்றக் கூட்டத்தில் எழுப்புவார்களா?