விளம்பரத்தைத் தடுக்கும் காவலாளி நம்பிக்கைக்குரியவரா?

செய்தி ஒன்றைப் படிக்கக் கைப்பேசியைத் திறக்கிறீர்கள். செய்திக்கு முன்னால் சூதாட்ட விளம்பரம் வந்து நிற்கிறது. அதை அகற்றினால் இன்னொன்று. அருகிலிருக்கும் பிள்ளையின் கண்ணிலும் அது படுகிறது. இத்தொல்லை நீங்கவே விளம்பரத் தடுப்புச் செயலிகளைப் பலரும் நாடுகின்றனர். நம் வாசலில் நிறுத்தும் காவலாளியைப் பற்றி விசாரிக்காமல் இருப்போமா? இச்செயலிகளையும் அவ்வாறே விசாரித்தறிவது நம் கடமை.

இணையப் பக்கம் ஒன்று ஒரே இடத்திலிருந்து முழுமையாக வருவதில்லை. செய்தி ஒரு கணினியிலிருந்து வரும். விளம்பரம் பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தின் கணினியிலிருந்து வரும். விளம்பரம் அனுப்பும் முகவரிகளைத் தொகுத்து வைத்துக்கொண்டு, அவற்றோடு தொடர்பு ஏற்படாமல் தடுப்பதே இச்செயலிகளின் வேலை. 'ஈஸிலிஸ்ட்' என்பது அத்தகைய பட்டியல்களுள் புகழ்பெற்றது. தடுக்கும் முறைகள் மூன்று.

முதலாவது, உலாவியின் வழியாகத் தடுப்பது. 2015-இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோனின் சஃபாரி உலாவியில் இதற்கு இடமளித்தது. செயலி பட்டியலை மட்டும் கொடுக்கும். தடுக்கும் பணியைச் சஃபாரியே செய்யும். நீங்கள் எப்பக்கத்தைப் படித்தீர்கள் என்பது செயலிக்குத் தெரியாது. ஆயினும் பிற செயலிகளுக்குள் வரும் விளம்பரங்களை இம்முறை தடுக்காது.

இரண்டாவது, பெயர்ப் பதிவேட்டின் வழியாகத் தடுப்பது. இணையதளத்தின் பெயரைக் கூறினால் அதன் எண் முகவரியைத் தரும் ஏற்பாட்டுக்கு டி.என்.எஸ். என்று பெயர். விளம்பர நிறுவனத்தின் பெயர் கேட்கப்படும்போது எண்ணைத் தர மறுத்துவிட்டால் விளம்பரம் வந்து சேராது. 2018-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 9 முதல் இதற்கான வசதி கைப்பேசியின் அமைப்புகளிலேயே உள்ளது. எனினும் யூடியூப் போன்றவற்றில் காணொளியும் விளம்பரமும் ஒரே இடத்திலிருந்து வருவதால், இரண்டையும் இம்முறையால் பிரித்தறிய இயலாது. நீங்கள் செல்லும் தளங்களின் பெயர்களும் அப்பதிவேட்டை நடத்துவோருக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவது, வி.பி.என். எனும் தனிவழி. கைப்பேசியின் இணையப் போக்குவரத்து முழுவதும் செயலியின் வழியாகவே செல்லும். நேர்மையான செயலி விளம்பர முகவரிகளை மட்டும் தடுத்து நிறுத்தும். சில செயலிகளோ 'சான்றிதழ்' ஒன்றையும் நிறுவச் சொல்லும். அதற்கு இணங்கினால், மறையாக்கம் செய்யப்பட்ட தகவல்களையும் பிரித்துப் படிக்கும் ஆற்றலை அவற்றிடம் ஒப்படைத்தவர்களாகிறோம்.

இது வெறும் அச்சமன்று. சென்சார் டவர் எனும் தரவு ஆய்வு நிறுவனம், விளம்பரத் தடுப்பு மற்றும் வி.பி.என். செயலிகளைத் தனது பெயர் வெளித்தெரியாமல் நடத்தி, பயனாளர்களின் தரவுகளைத் திரட்டியதை 2020 மார்ச்சில் பஸ்ஃபீட் நியூஸ் வெளிப்படுத்தியது. அவை ஆளை அடையாளம் காட்டாத தரவுகளே என்று அந்நிறுவனம் விளக்கம் கூறியது. தொல்லையைத் தடுக்க வந்த செயலியே தகவல் திரட்டும் கருவியாக இருந்ததை அக்குடும்பங்கள் எவ்வாறு அறிந்திருக்க முடியும்?

ஆகவே, ஐபோன் வைத்திருப்போர் முதல் முறையையே தேர்ந்துகொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் ஃபயர்பாக்ஸ் உலாவியோடு 'யூபிளாக் ஆரிஜின்' எனும் இணைப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். சான்றிதழ் கேட்கும் செயலிக்கு இணங்காதீர்கள். செயலியை இலவசமாகத் தருபவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். நேர்மையான விளம்பரத்தால் வாழும் செய்தித் தளங்களும் உண்டு; அவற்றுக்கு மட்டும் தடையை விலக்கிவிடுவது நியாயம்.

குடும்பத்தின் அந்தரங்கம் ஓர் அமானிதம். விளம்பரத் தொல்லை நீங்கவேண்டும் என்பதற்காக அதனை முன்பின் அறியாதவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.