எஸ்பிரஸோ காபிக்கு அரவை மெஷின்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

மாமல்லபுரம், கோவளம் பக்கம் கடை வைத்திருக்கும் நம் வணிக அன்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வெளிநாட்டுக்காரர்களும் சென்னையிலிருந்து வரும் இளைஞர்களும் எஸ்பிரஸோ கேட்கிறார்கள். மெஷின் போடலாமா?" என்கிறார்கள். காபி இறக்கும் மெஷினைப் பற்றித்தான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். கொட்டையை அரைக்கும் மெஷினைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் போட்ட பணம் வீணாவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். மளிகையுடன் காபிக் கொட்டை வறுத்து அரைத்துக் கொடுப்பது என் தொழில். மாமல்லபுரத்தில் சிறிய காபிக் கடை தொடங்கிய ஒரு தம்பி, எஸ்பிரஸோவுக்கென்று ஐந்து கிலோ தூள் கேட்டார். என் மெஷினை எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்கி, நைஸாக அரைத்து அனுப்பினேன். இரண்டாம் நாளே திரும்பி வந்தார். "அண்ணாச்சி, ஒரு கப் பத்து செகண்டில் தண்ணியா ஓடுது. அடுத்த கப் சொட்டு சொட்டாத்தான் இறங்குது. என்ன பண்றதுன்னே தெரியலை" என்றார். தூளைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். நஷ்டம் என்னுடையதுதான், ஆனால் அதில் ஒரு பாடம் கிடைத்தது.

எந்த எஸ்பிரஸோ?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் புஸ்ஸென்று நீராவி விட்டு, பாலை நுரைக்க வைத்துக் கொடுப்பதையும் எஸ்பிரஸோ என்றே சொல்கிறோம். அது இன்ஸ்டன்ட் தூளில் போடுவது. அதற்கு அரவை மெஷினே தேவையில்லை.

இத்தாலிய முறை எஸ்பிரஸோ வேறு. ஏறக்குறைய 18 கிராம் தூளைக் கிண்ணத்தில் அழுத்தி, காற்றழுத்தத்தைப் போல ஒன்பது மடங்கு அழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்துவார்கள். 25 முதல் 30 விநாடிக்குள் சுமார் 36 கிராம் காபி இறங்க வேண்டும். நம் பில்டரில் தண்ணீர் தன் எடையால் மெதுவாக இறங்குவதால், தூள் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் டிகாக்ஷன் தேறிவிடும். எஸ்பிரஸோவில் அந்தச் சலுகை கிடையாது. தூள் சற்றுக் கரடாக இருந்தால் தண்ணீர் ஓடிவிடும், காபி புளிக்கும். சற்று நைஸானால் அடைத்துக்கொள்ளும், கசக்கும். தலைமுடியின் பருமனைவிடக் குறைந்த வித்தியாசம்கூட கோப்பையில் தெரிந்துவிடும்.

நம் கடை மெஷின் ஏன் போதாது?

காபித்தூள் கடையில் இருக்கும் பெரிய மெஷின், கிலோக் கணக்கில் வேகமாக அரைத்துத் தள்ளுவதற்காகச் செய்யப்பட்டது. பில்டர் தூளுக்கு அதுவே போதும். ஆனால் அதில் மயிரிழை அளவுக்கு இறுக்கவோ தளர்த்தவோ முடியாது. முந்தைய அரவையின் தூளும் உள்ளே தங்கும். பல கடைகளில் சிக்கரியையும் அதே மெஷினில் சேர்ப்பதால் அதன் மிச்சமும் கலந்துவிடும்.

இன்னொன்று, அரைத்த தூளின் மணம் மணிக்கணக்கில் குறைகிறது. கடற்கரைக் காற்றின் ஈரத்தையும் தூள் இழுத்துக்கொள்ளும். காலையில் சரியாக இறங்கிய தூள் மாலையில் வேறு விதமாக இறங்கும். ஆகவே எஸ்பிரஸோவுக்குக் கப் கேட்கும்போது அரைப்பதுதான் முறை. மிக்ஸியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதன் பிளேடு கொட்டையை வெட்டுகிறதே தவிர ஒரே சீராக அரைப்பதில்லை.

மெஷினில் பார்க்க வேண்டியவை

1. அரவைத் தட்டு: எஸ்பிரஸோ மெஷினில் இரண்டு எஃகுத் தட்டுகளுக்கு நடுவே கொட்டை அரைபடும். தட்டையான ஜோடியும் உண்டு, கூம்பு வடிவ ஜோடியும் உண்டு. இரண்டிலும் நல்ல மெஷின்கள் இருக்கின்றன. சிறிய கடைக்கு 58 முதல் 64 மில்லிமீட்டர் தட்டு போதும். விடுமுறை நாளில் வரிசை நிற்கும் கடைக்கு 75 மில்லிமீட்டருக்கு மேல் பார்க்கலாம். சிறிய தட்டில் தொடர்ந்து அரைத்தால் சூடேறும், அரவையும் மாறும்.

2. இறுக்கும் திருகு: படிப்படியாக நிற்பதைவிட, எந்த இடத்திலும் நிறுத்தக்கூடிய திருகு நல்லது. இரண்டு படிகளுக்கு நடுவில்தான் சரியான அரவை இருக்கிறது என்றால் படி வைத்த மெஷினில் அதைப் பிடிக்க முடியாது.

3. டோசர் வேண்டுமா? சில மெஷின்களில் அரைத்த தூள் ஒரு பெட்டியில் சேரும். பிடியை இழுத்தால் ஒரு அளவு விழும். ஓயாமல் வியாபாரம் நடக்கும் இடத்துக்கு அது சரி. வாரநாளில் மதியம் முழுக்க நான்கு கப் விற்கும் கடையில் தூள் பெட்டியிலேயே கெட்டுப்போகும். நம் கடற்கரைக் கடைகளுக்கு அவ்வப்போது நேராகக் கிண்ணத்தில் அரைத்துக் கொடுக்கும் மெஷினே ஏற்றது.

4. மின்சாரம்: நம் நாட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வெளிநாட்டிலிருந்து வரும் பழைய மெஷினில் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால், மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அதை நேராக இணைத்தால் மோட்டார் புகைந்துவிடும். டிரான்ஸ்பார்மர் வைத்தாலும் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்து, மோட்டார் கூடுதலாகச் சூடேறும். எர்த் இணைப்பு கட்டாயம்.

5. உப்புக்காற்று: கடலைப் பார்த்த திறந்த கடையில் இரும்புத் திருகும் தட்டும் துருப்பிடிக்கும். மெஷினைக் காற்று நேராகப் படாத மூலையில் வையுங்கள். இரவில் மூடி வையுங்கள். தட்டைத் தண்ணீரில் கழுவக் கூடாது. கழற்றி, பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். கொட்டை ஊற்றும் கூம்பில் அரை நாளுக்கு வேண்டியதை மட்டும் போடுங்கள்.

6. சர்வீஸ்: இத்தாலியின் மஸ்ஸர், ஜெர்மனியின் மால்கோனிக் என்று பெயர் பெற்ற மெஷின்கள் உண்டு. பெயரைவிட முக்கியம், மாற்றுத் தட்டு எங்கே கிடைக்கும், ரிப்பேர் ஆள் சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை வருவாரா என்பதுதான். சாதாரண எஃகுத் தட்டு சில நூறு கிலோ அரைத்ததும் தேய்ந்துவிடும். நாளொன்றுக்கு 2 கிலோ அரைக்கும் கடை ஆண்டுக்கு 700 கிலோவைத் தாண்டும். தட்டின் விலையையும் ஆயுளையும் முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

வாங்கும் இடத்தில் ஒரு சோதனை

நம் கொட்டையில் ஒரு கிலோவும் சிறிய தராசும் எடுத்துப் போங்கள். ஒரே அளவில் வைத்துப் பத்து முறை அரைக்கச் சொல்லி ஒவ்வொன்றையும் நிறுத்துப் பாருங்கள். 18 கிராம் கேட்ட இடத்தில் ஒரு முறை 16, ஒரு முறை 20 என்று விழுந்தால் அந்த மெஷின் வேண்டாம். திருகை மாற்றி, மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, காபி முன்போலவே இறங்குகிறதா என்று பாருங்கள். கடைசியில் தூளைத் தொட்டுப் பாருங்கள், சுடக் கூடாது. நம் கண் முன்னே தட்டைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். விற்பவருக்கே அது முடியாவிட்டால் நம் கடைப் பையனுக்கு எப்படி முடியும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு கிலோ கொட்டையில் 18 கிராம் வீதம் சுமார் 55 முறை இறக்கலாம். மாமல்லபுரத்தில் டிசம்பர், ஜனவரிக் கூட்டத்தைப் பார்த்து மெஷின் வாங்குகிறவர் ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நாளுக்குப் பத்து கப் என்றால் 180 கிராம்தான் செலவாகும். அதற்கு நகையை அடகு வைத்துப் பெரிய மெஷின் வாங்குவது வியாபாரமல்ல. ஒரு மாதம் எத்தனை பேர் எஸ்பிரஸோ கேட்கிறார்கள் என்று நோட்டில் குறித்து வையுங்கள். அதன்பின் வாங்குவதானால், காபி இறக்கும் மெஷினில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் அரவை மெஷினில் குறைக்காதீர்கள். அரவை சரியில்லாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த மெஷினிலும் காபி தேறாது.

மெஷின் போடாமலே ஒரு வழி

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், திருப்போரூர்க் கடைக்காரர்களுக்கு இந்த மெஷினே தேவைப்படாமல் இருக்கலாம். கடற்கரைக் காபிக் கடைகளுக்கு நல்ல கொட்டையை வறுத்து, அரைக்காமல், வறுத்த தேதி எழுதிக் கொடுப்பது தனி வியாபாரம். பில்டர் வாடிக்கையாளர் இன்று வறுத்ததை இன்றே கேட்பார். எஸ்பிரஸோவுக்கோ வறுத்த கொட்டையிலிருந்து வாயு வெளியேறச் சில நாள் விட வேண்டும். இதைத் தெரிந்து கொடுக்கிற கடைக்காரரைக் காபிக் கடைக்காரர் விடமாட்டார்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டின் சதவீதத்தையும் பொட்டலத்தில் போட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. சுத்தக் காபி என்று விற்கும் சரக்கை, சிக்கரி அரைத்த மெஷினில் துடைக்காமல் போடாதீர்கள். சட்டத்துக்காக மட்டுமல்ல, நம் சொல்லுக்காகவும்தான்.

அந்தத் தம்பி இப்போது என்னிடம் கொட்டையாகவே வாங்குகிறார். அரைப்பது அவர் வேலை, வறுப்பது என் வேலை. திரும்பி வந்த ஐந்து கிலோவை நான் மறக்கவில்லை.