ஆங்கில எழுத்துக்கூட்டின் வரலாறு

ஆங்கிலம் பயிலும் மாணவருள் அம்மொழியின் எழுத்துக்கூட்டை நொந்துகொள்ளாதார் மிகச் சிலரே. போர்வீரனைக் குறிக்கும் 'நைட்' என்னுஞ் சொல்லின் முதலில் 'கே' வீணே நிற்பானேன்? இடையில் 'ஜி', 'ஹெச்' இரண்டும் ஊமையாயிருப்பானேன்? இவ்வினாக்களுக்கு வரலாறே விடை பகரும்.

அவ்வெழுத்துக்கள் ஒரு காலத்தில் ஒலித்தவையே. 1476-ஆம் ஆண்டில் காக்ஸ்டன் என்பார் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவினார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டு மெல்ல மெல்ல நிலைபெறலாயிற்று. உச்சரிப்போ தொடர்ந்து திரிந்துகொண்டே வந்தது. கற்றோரும் தம் பங்குக்குச் சிக்கலைப் பெருக்கினர். கடனைக் குறிக்கும் 'டெட்' என்னுஞ் சொல் பிரெஞ்சிலிருந்து 'பி' இன்றியே வந்தது. அதன் இலத்தீன் மூலத்தைக் காட்ட விரும்பி, ஒலியாத 'பி'யை அவர்கள் இடையிற் புகுத்தினர்.

1755-இல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட அகராதி இங்கிலாந்தின் வழக்கை உறுதிப்படுத்தியது. அமெரிக்காவிலோ, நோவா வெப்ஸ்டர் 1806, 1828-ஆம் ஆண்டுகளின் அகராதிகளில் வேறு வழி வகுத்தார். 'கலர்', 'ஹானர்' முதலியவற்றில் 'யூ'வைக் களைந்தார். அது அந்நாட்டில் நிலைத்தது. ஆயினும், பெண்டிரைக் குறிக்கும் 'விமென்' என்பதை ஒலிக்கு இயைய எழுதலாமென்ற அவரது கருத்தை மக்கள் ஏற்றிலர். 1906-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 300 சொற்களை எளிய கூட்டில் அச்சிடுமாறு அரசாங்க அச்சகத்துக்குக் கட்டளையிட்டார். பிரதிநிதிகள் சபை எதிர்க்கவே, அவ்வாண்டிலேயே அதனைக் கைவிட நேர்ந்தது. மொழி கட்டளைக்கு எளிதில் இணங்குவதன்று. வழக்குக்கே இணங்கும் என்பது இதனாற் புலனாகும்.

இக்காலத்துக் கைப்பேசியும் ஒரு புதுவழக்கைத் தந்தது. ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்தே எல்லையென்றிருந்தமையால், 'நீ' எனப் பொருள்படும் மூன்றெழுத்துச் சொல்லை 'யூ' என்னும் ஓரெழுத்தால் எழுதினர். இதனால் மொழி கெட்டதென அஞ்சவேண்டுவதில்லை. நண்பருக்கு எழுதும் குறிப்பில் அது பொருந்தும். தேர்வுத் தாளில் பொருந்தாது. இடமறிந்து எழுதுவதே கல்வி.

ஆகவே, மாணவ நண்பர்காள், இங்கிலாந்து வழக்கையேனும் அமெரிக்க வழக்கையேனும் மேற்கொள்க. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலவாதிருங்கள். எழுத்துக்கூட்டில் இடறும் தோழனை அறிவிலியென்று நகையாதிருப்போமாக. அவனை இடறச் செய்வது அவனது மடமையன்று. ஐந்நூறு ஆண்டு வரலாறே.