பாறையில பேர் எழுதலாமா பாஸ்?

ஃபாரின் போனா முதல்ல என்ன பண்ணுவீங்க? பிரமிட், ஈஃபில் டவர், அங்கோர் வாட்னு ஏதாவது ஒண்ணு முன்னாடி நின்னு ஒரு போட்டோ. 'நானும் வந்தேன்பா'ன்னு ஊருக்குச் சொல்லியே ஆகணுமே!

இந்த வியாதி நமக்குப் புதுசு இல்லை. எகிப்தில் 'அரசர்களின் பள்ளத்தாக்கு'ன்னு பாரோ மன்னர்களைப் புதைச்ச இடம் இருக்கு. சுமார் 2,000 வருஷத்துக்கு முன்னாடி அதைப் பார்க்கப் போன நம்ம ஆள் ஒருத்தர், கல்லறைச் சுவர்களில் தமிழி எழுத்தில் தன் பேரைக் கீறிட்டு வந்திருக்கார். பேர், சிகை கொற்றன். ஒண்ணு ரெண்டு இல்ல, எட்டு இடத்தில்! 2026-ல் சென்னையில் நடந்த கல்வெட்டுக் கருத்தரங்கில் ஆய்வாளர்கள் இதைச் சொன்னாங்க. கொற்றன் போனப்பவே அந்தக் கல்லறைகளுக்கு 1,000 வயசு தாண்டிடுச்சு.

எகிப்துக்கு டிக்கெட் எடுக்க பாக்கெட் மணி பத்தாதா? விடுங்க. ஆரணிக்கு பஸ் ஏறுங்க. ஆரணின்னா பட்டுப்புடவை மட்டும்தானா? அங்கிருந்து போளூர் பக்கமா போனா, வடமாதிமங்கலத்துக்குப் பக்கத்தில் திருமலை. (திருப்பதி திருமலை இல்லீங்க!) பழமையான சமணத் தலம். அடிவாரத்தில் கோயில்கள், குகையில் வண்ண ஓவியங்கள், மேலே பாறையில் செதுக்கின 16 அடி உயர நேமிநாதர். அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்கும். ராஜராஜ சோழனின் அக்கா குந்தவை பேரிலேயே இங்கே ஒரு ஜினாலயம்.

மலை உச்சிக்குப் பக்கத்துப் பாறையில் ராஜேந்திர சோழனின் கல்வெட்டு இருக்கு. 1020-களில் வெட்டினது. ஈழம், கங்கை, வங்காளம்னு அவர் ஜெயிச்ச ஊர் லிஸ்ட் நீளமா போகுது. வங்காள மன்னர் யானையை விட்டு இறங்கி ஓடின கதை வரை விடலை. இவ்வளவு பில்டப்புக்கு அப்புறம் மேட்டர் என்ன தெரியுமா? சாமுண்டப்பைங்கிற ஒரு வியாபாரியின் மனைவி, கோயில்ல விளக்கு எரியக் காசு கொடுத்தாங்க. அவ்வளவுதான்! ராஜா முன்னுரை, அந்தம்மாதான் விஷயம்.

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம். நம்ம பசங்க பழைய கோயில், குகைன்னு எங்கே போனாலும் பைக் சாவியால ஒரு ஹார்ட், உள்ளே ரெண்டு எழுத்து. குகை ஓவியம்னா சுண்ணாம்புப் பூச்சு மேல மெல்லிசா ஒரு படலம் நிறம். சாவி பட்டா பூச்சோட உதிரும், திரும்ப வராது. சட்டமும் சும்மா விடாது. 2010-ல் திருத்தின சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினா 2 வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம்.

"கொற்றன் மட்டும் கீறலாமா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அவர் செஞ்சதும் தப்புதான். அடுத்தவங்க வீட்டுச் சுவர் அது. அந்தக் காலத்து எழுத்து ரொம்பக் குறைச்சலாத்தான் மிஞ்சியிருக்குங்கிறதால அவர் கிறுக்கல் இன்னைக்கு ஆதாரம் ஆயிடுச்சு. நம்ம காலத்துக்கு ஆதாரமா பஞ்சம்? போன்ல மட்டும் 4,000 போட்டோ இருக்கே!

சாமுண்டப்பை சாவி எடுத்துக் கீறலை. விளக்குக்குக் கொடுத்தாங்க, அது பாறையில் கல்வெட்டாச்சு. 1,000 வருஷமா பேர் நிக்குது.

காலையிலேயே கிளம்பிடுங்க, வெயில்ல பாறை கொதிக்கும். தண்ணி பாட்டில் முக்கியம். பேனாவும் எடுத்துக்கங்க... நோட்டுல எழுத மட்டும்!