கண்டல் காட்டுச் சேறு கழிவுத் தொட்டியல்ல

கண்டல் காடுகள் கழிவு நீரைச் சுத்திகரிக்க வல்லவை என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட உண்மையாகும். எனினும், 'எவ்வளவு கழிவை விட்டாலும் காடு தாங்கிக் கொள்ளும்' என்ற தவறான எண்ணத்துக்கும் இவ்வுண்மையே இடமளித்துள்ளது.

இயல்பான கண்டல் சேற்றில் தாவரங்கள் உறிஞ்சக்கூடிய நைதரசனும் பொசுபரசும் பெரும்பாலும் குறைவாகவே காணப்படும். நைதரசனின் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. பொசுபரசு இரும்புடன் பிணைந்து சேற்றிலேயே தங்கிவிடுகின்றது. நீர் தெளிவடைவது இவ்வாறேயாகும்.

ஆனால், வீட்டுக் கழிவுகளும், இறால் பண்ணைகளில் எஞ்சும் தீனியும் எச்சங்களும் அளவுக்கு மீறிச் சேரும்போது நிலைமை தலைகீழாகின்றது. அவை அழுகுவதால் சேற்றிலுள்ள ஒட்சிசன் தீர்ந்துவிட, கடல்நீரின் சல்பேற்றைப் பயன்படுத்தும் பற்றீரியாக்கள் பெருகி, அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஐதரசன் சல்பைட்டை உருவாக்குகின்றன. அது இரும்பைப் பற்றிக்கொள்வதால், சிறைப்பட்டிருந்த பொசுபரசு விடுபட்டு மீண்டும் நீரில் கலக்கின்றது. பாசி படர்கின்றது; மீன்கள் மூச்சுத் திணறுகின்றன. மாசைத் தேக்கி வைத்த சேறே மாசின் ஊற்றாக மாறிவிடுகின்றது.

மரங்களுக்கும் இது உரமாக அமைவதில்லை. மிகையான போசணையைப் பெறும் கண்டல்கள் வேரைவிடக் கிளைகளையும் இலைகளையுமே அதிகம் வளர்ப்பதால், வரட்சியும் உவர்ப்பும் கூடும் காலங்களில் அதிகளவில் மடிகின்றன என 2009 இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. ஒரு ஹெக்டெயர் இறால் குளத்தின் கழிவிலுள்ள நைதரசனையும் பொசுபரசையும் அகற்ற, பண்ணை முறைக்கேற்ப 2 முதல் 22 ஹெக்டெயர் வரையான கண்டல் காடு தேவை என்பது 1995 இல் வெளியான மதிப்பீடாகும்.

இக்கணக்கைப் புத்தளம் மாவட்டத்துடன் பொருத்திப் பார்ப்பது அவசியம். அங்கு 1980களிலிருந்து இறால் குளங்களுக்காகக் கண்டல்கள் அழிக்கப்பட்டன. கழிவு பெருகிய அதேவேளையில், அதனை வடிகட்டும் காடு சுருங்கியது. டச்சுக் கால்வாயில் ஒரு பண்ணை வெளியேற்றிய நீரையே மற்றைய பண்ணை உள்ளெடுத்தது. 1996 இல் வெண்புள்ளி நோய் பரவியபோது இத்தொழில் பேரிழப்பைச் சந்தித்தது. பல குளங்கள் கைவிடப்பட்டன.

கழிவு நீரைத் தேக்கி, வண்டலைப் படியவிட்ட பின்னரே வெளியேற்ற வேண்டும். கைவிடப்பட்ட குளங்களில் கன்றுகளை நடுவதற்கு முன்னர் சேற்றைப் பரிசோதிக்க வேண்டும். களப்பை நம்பி வாழும் தமிழ், முஸ்லிம், சிங்கள மீனவர்களின் நாளைய உணவு அச்சேற்றின் நலனிலேயே தங்கியுள்ளது என்பதை உரியவர்கள் உணர்வார்களாக.