கார்டு தாண்டலும் எதிர்ப்பிடிகளும்

பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில், மல்லாந்து படுத்திருப்பவர் தம் கால்களால் எதிராளியைத் தடுத்து வைத்திருக்கும் நிலை ‘கார்டு’ எனப்படும். அந்தக் கால்களைக் கடந்து பக்கவாட்டிலோ மார்பின் மீதோ ஏறி அமுக்குவது கார்டு தாண்டல். தாண்டி 3 நொடிகள் நிலைகொண்டால் 3 புள்ளிகள். தாண்டும் முயற்சியையே பயன்படுத்திக்கொண்டு எதிராளியைப் பணியவைப்பது எதிர்ப்பிடி.

மல்யுத்தத்தில் இரு தோள்களும் தரையில் பட்டால் தோல்வி. மல்லாந்து கிடப்பவர் ஆபத்தானவர் என்பது மல்லர்களுக்கு எளிதில் பிடிபடாது. வில்லியனூர், பாகூர்ப் பக்கத்தாருக்குச் சடுகுடுவைக் காட்டி விளக்கலாம்: பாடி வருபவர் காலை நீட்டித் தொட முயலும்போதுதான் கணுக்கால் பிடியில் சிக்குகிறார். கார்டைத் தாண்டுபவரும் கையையோ கழுத்தையோ கொடுக்காமல் தாண்டுவது கடினம்.

அதிகம் காணப்படுவது முக்கோணப் பிடி. தாண்டுபவர் ஒரு கையை மட்டும் எதிராளியின் தொடைக்கு அடியில் கொடுத்துத் தூக்குகிறார். மறு கை இரு கால்களுக்கும் நடுவே தங்கிவிடுகிறது. கீழிருப்பவர் தூக்கப்பட்ட காலை அவர் தோளுக்கு மேலாகப் பிடரியில் போட்டு, அந்தக் கணுக்காலை மறுகாலின் முழங்கால் மடிப்பில் பூட்டுகிறார். கழுத்தின் ஒரு பக்கத்தைத் தொடை அழுத்துகிறது. மறுபக்கத்தைச் சிக்கியவரின் சொந்தத் தோளே அழுத்துகிறது. தடைபடுவது மூச்சைவிட மூளைக்குப் போகும் இரத்தம்தான். சரியாக விழுந்தால் பத்து நொடியளவில் நினைவு தப்பலாம். நேராகக் கிடந்தபடி இழுத்தால் பிடி சரியாக இறுகாது, இடுப்பைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

1994 டிசம்பர் 16 அன்று அமெரிக்காவின் டல்சா நகரில் நடந்த யு.எஃப்.சி. 4 இறுதிப் போட்டியில், மல்யுத்த வீரர் டான் செவர்ன் தம்மைவிட மிகவும் எடை குறைந்த ராய்ஸ் கிரேசியை நெடுநேரம் கீழே அமுக்கியே வைத்திருந்தார். 15 நிமிடம் 49 நொடியில் முக்கோணப் பிடியில் சிக்கித் தோற்றவர் செவர்ன்தான்.

தலையைத் தாழ்த்தி நுழைபவருக்குக் கில்லட்டின்: கழுத்தை அக்குளில் அடக்கி முன்கையால் நெரிப்பது. ஆனால் எதிராளி தாண்டி முடித்த பிறகும் கழுத்தை விடாமல் பற்றியிருந்தால், அவர் தம் தோளை இறக்கிக் கீழிருப்பவரையே நெரிக்கலாம். ஜேசன் வான் ஃப்ளூவின் பெயரால் வழங்கும் பிடி அது.

தரையில் ஊன்றிய கைக்கு கிமுரா. 1951-இல் ரியோவில் எலியோ கிரேசியை வென்ற ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவின் பெயர் இது. இதில் வலி தெரிவதற்கும் தோள்மூட்டு கெடுவதற்கும் இடையே அதிக நேரமில்லை. ஆகவே பயிற்சியில் மெல்லத் திருப்பி, தட்டியதும் விட்டுவிட வேண்டும். கைகள் சிக்கியிருந்தால் காலால் தட்டலாம், வாய்விட்டும் சொல்லலாம்.